டீன் அவர்களுக்கு, அம்மாவின் இடது கை பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டீன் அவர்களுக்கும் நிலைய மருத்துவ அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம். மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் ரத்தம் எடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பீர்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். எந்த ஜன்னல், அங்கே காலையில் எத்தனை மணிக்கு வரிசை தொடங்குகிறது, டோக்கன் எப்போது தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்காக என் அம்மாவின் வலது கையில் ஐந்து முறை ஊசி குத்தினார்கள். ஐந்தாவது குத்தில் எப்படியோ ரத்தம் வந்தது. மூன்று மணிக்கு ரிப்போர்ட் வாங்கப் போனால், "சாம்பிள் ஹீமோலைஸ்டு, ரிபீட்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்துவிட்டன, மறுபடியும் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். மறுநாள் விடியற்காலை மறுபடியும் இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு வந்தோம். அன்றைக்கு அந்தப் பெண், "வலது கையில ஒண்ணும் இல்ல, இடது கையைக் கொடுங்கம்மா" என்றார். அம்மா கொடுக்கவில்லை. இந்த மடல் அந்த இடது கையைப் பற்றியது.

அம்மாவுக்கு 66 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, இப்போது சிறுநீரகமும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் சிறுநீரகப் பிரிவு மருத்துவர்தான் நான்கு மாதத்துக்கு முன்னால் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். டயாலிசிஸ் தேவைப்படும் நாள் வெகுதூரத்தில் இல்லை, அதற்கு முன்பே இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டு வைக்க வேண்டும், அது தடித்துப் பழக்கப்படவே பல வாரம் ஆகும், அதுவரைக்கும் அந்தக் கையில் ஊசியோ டிரிப்ஸோ எதுவும் ஏற விடாதீர்கள் என்றார். வலது கையிலும் முடிந்தவரை புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். நோட்டில் சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இடது வலது குழம்பிவிடக் கூடாதே என்று மாரியம்மன் கோயிலில் வாங்கிய மஞ்சள் கயிற்றை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். "இது டயாலிசிஸுக்கு எழுதி வச்ச கை" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் கையால் தண்ணீர்க் குடம்கூடத் தூக்குவதில்லை. தூக்கலாம், ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னாலும் கேட்பதில்லை.

அந்தக் கையைத்தான் நீட்டச் சொன்னார்கள். அம்மா மாட்டேன் என்றதும், "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க, பின்னாடி நூறு பேர் நிக்குறாங்க" என்றார் அந்தப் பெண். நோட்டைக் காட்டினேன். அதைப் படிக்க அவருக்கு நேரமில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை, உண்மையாகவே நேரமில்லை. ஒரே ஆள் டோக்கன் வாங்கி, பெயர் எழுதி, குழாயில் ஒட்டி, ரத்தமும் எடுக்கிறார். ஒப்பந்தப் பணியாளர் என்று பிறகு தெரிந்தது.

நான் தையற்கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக ஊசியோடு பிழைப்பு. வாயில் புடவை மாதிரி மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 18. மாற்றிப் போட்டால் துணி ஓட்டையாகும், இல்லையென்றால் ஊசி உடையும். இதைக் கடைக்கு வரும் புதுப் பையனுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் ஊசிகளுக்கும் நம்பர் உண்டு, ஆனால் தலைகீழ் என்று என் தங்கை மகள் சொன்னாள். அவள் டி.எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வக டிப்ளமோ படிக்கிறாள். தையல் மிஷின் ஊசியில் நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். உங்களிடம் நம்பர் கூடினால் ஊசி மெலியும். ரத்தம் எடுக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாக 21 அல்லது 22 கேஜ். நரம்பு மெலிந்த வயதானவர்களுக்கு, அதுவும் புறங்கைக்கு, 23 கேஜில் இரண்டு பக்கமும் சிறகு வைத்த பட்டாம்பூச்சி ஊசி, அதாவது நீங்கள் ஸ்கால்ப் வெயின் செட் என்று சொல்வது. சிறகைப் பிடித்துச் சாய்வாக உள்ளே விடலாம், பின்னால் குழாய் இருப்பதால் எடுப்பவர் கை ஆடினாலும் ஊசி ஆடாது.

(நரம்பு என்று எழுதுகிறேன். சிரை என்றுதான் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் "நரம்பு கிடைக்கல" என்றுதானே உங்கள் ஜன்னலிலும் சொல்கிறார்கள்.)

அம்மாவுக்கு எதைப் போட்டார்கள் என்றால், பத்து மில்லி சிரிஞ்ச், அதன் முனையில் கையில் கிடைத்த மெல்லிய ஊசி. கட்டுவதற்கு டூர்னிக்கெட் பட்டை இல்லை, ஒரு பழைய ரப்பர் கையுறையை முழங்கைக்கு மேல் இறுக்கி முடிச்சுப் போட்டார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாதாம். அம்மாவின் கை நீலம் பாய்ந்து நிற்க, அந்தப் பெண் நடுவில் இன்னொருவருக்கு டோக்கன் கொடுத்தார். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியத்தைப் பார்க்கத்தானே முக்கியமாக ரத்தம் எடுப்பதே! வாழைப்பழம் தின்னக் கூடாது, இளநீர் குடிக்கக் கூடாது, காய்கறியை நறுக்கி வெந்நீரில் போட்டு வடித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்று வீட்டில் அந்தப் பொட்டாசியத்துக்காகத்தான் இத்தனை பாடு.

ஐந்தாவது குத்தில் மெல்ல மெல்லச் சொட்டிய ரத்தத்தைப் பிஸ்டனைப் பலமாக இழுத்து எடுத்தார்கள். பிறகு அதே ஊசியால் குழாயின் ரப்பர் மூடியைக் குத்தி, கட்டை விரலால் அழுத்தி உள்ளே பீய்ச்சினார்கள். வேக்யூம் குழாய் தானே தனக்கு வேண்டிய அளவை இழுத்துக்கொள்ளும், பிஸ்டனை அழுத்தக் கூடாது என்பது தங்கை மகளின் ரெக்கார்டு நோட்டில் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது. மெல்லிய ஊசி வழியாக இப்படி இழுத்தும் அழுத்தியும் தள்ளினால் சிவப்பணுக்கள் உடையும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். ஹீமோலைஸ்டு என்று உங்கள் ஆய்வகம் திருப்பி அனுப்பியதே, அது இதுதான். ஆய்வகத்தில் அதைக் கவனித்துத் திருப்பியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். அவர் கவனிக்காமல் எண்ணை அடித்துக் கொடுத்திருந்தால், இல்லாத பொட்டாசியத்துக்கு அம்மாவை அட்மிட் செய்து மருந்து ஏற்றியிருப்பார்கள்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். நானும் கத்திவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சத்தம் கேட்டு அந்தப் பக்கமாகப் போன ஒரு மூத்த செவிலியர் நின்றார். நோட்டை வாங்கிப் படித்தார். அம்மாவை ஜன்னலுக்கு உள்ளே கூப்பிட்டு, சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார வைத்தார். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். அம்மா முந்தின நாள் இரவிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடாமல் வா என்றால் தண்ணீரும் கூடாது என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம், இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அவர் அரை டம்ளர் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து வலது புறங்கையில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தார். குழந்தைகள் வார்டுக்கு ஆள் அனுப்பி ஒரு பட்டாம்பூச்சி ஊசி வாங்கி வரச் சொன்னார். ஸ்பிரிட் தடவி, அது காயும் வரை காத்திருந்தார். ஒரே குத்து. குழாய்களை அவர் மாற்றிய வரிசையையும் பார்த்தேன். சிவப்பு மூடி முதலில், ஊதா மூடி அப்புறம். ஊதாவில் இருக்கும் உப்பு சிவப்புக்குள் போய்விட்டால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டுமாம். அம்மாவுக்கு வலித்ததாகவே தெரியவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

ஐயா, என் கோபமெல்லாம் அந்த "அவ்வளவுதானா"வில்தான் இருக்கிறது. ஊசியும் உங்கள் கட்டிடத்தில்தான் இருந்தது. கை தேர்ந்தவரும் அங்கேதான் இருந்தார். ஒரு மாடிப்படி தூரம். நான் சத்தம் போட்டதால் அது இறங்கி வந்தது. சத்தம் போடத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நான்கு குத்து வாங்கிக்கொண்டு பஞ்சை அழுத்தியபடி கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது. இரண்டு தவறினால் மூன்றாவதுக்கு மூத்தவர் ஒருவர் வர வேண்டும், அவர் வரும்போது மேசையில் பட்டாம்பூச்சி ஊசி இருக்க வேண்டும். இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. இரண்டு முறைக்கு மேல் ஒருவரே முயலக் கூடாது என்றுதான் இந்தத் தொழிலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரத்தம் எடுப்பது எப்படி என்று உலக சுகாதார நிறுவனமே 2010-இல் ஒரு வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது. டூர்னிக்கெட்டை எத்தனை விரல்கடை மேலே கட்டுவது, ஊசியை எவ்வளவு சாய்ப்பது, ஸ்பிரிட் காய எத்தனை விநாடி என்பது வரை அதில் உண்டு. உங்கள் கல்லூரி நூலகத்திலும் இருக்கும். அது ஜன்னலுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அகச்சிவப்பு ஒளி அடித்து நரம்பைத் தோலுக்கு மேல் படம் போட்டுக் காட்டும் கருவி வந்திருக்கிறதாம். அதெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் வாங்கி, திறப்பு விழா நடத்தி, பிளக் இல்லை என்று பீரோவில் வைத்துவிடுவீர்கள். போன வருடம் வந்த தானியங்கி டோக்கன் இயந்திரம் இப்போது குடை மாட்ட உதவுகிறது. சிறுநீர் சாம்பிளுக்குக் கப்பைக் கொடுத்து அனுப்பும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பெண்கள் ஒருவருக்கு ஒருவர் வாசலில் காவல் நிற்கிறார்கள். லிஃப்ட் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. சரி, அதை விடுங்கள். ஊசிக்கே வருகிறேன்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை என்று எழுதியிருக்கிறது. சரியான பலகை, இருக்க வேண்டியதுதான். கைநீட்டுகிறவர்களை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகை வைக்க இடமிருக்கிறது, அளந்தே பார்த்துவிட்டேன், தொழில் புத்தி. "இரண்டு முறை ஊசி தவறினால் மூத்த செவிலியரை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிகள், மார்பக அறுவை ஆனவர்கள் எந்தக் கையில் எடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்." இவ்வளவு எழுதினால் போதும். இரண்டாவது பலகை இருந்தால் முதல் பலகைக்கு வேலை குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதுகிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், பெயிண்டர் எனக்குத் தெரிந்தவர்தான்.

அந்தப் பெண்ணுக்கும் இது நல்லதுதான். நான்காவது, ஐந்தாவது குத்தில் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். ரத்தம் பட்ட ஊசி, நடுங்கும் கை, மூடியில் குத்தும் வேகம், இதெல்லாம் அவருக்கே ஆபத்து. இன்னொருவரைக் கூப்பிட்டால் தன்னைத் திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் அவர் திரும்பத் திரும்பக் குத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டோடு நிறுத்து என்பது மருத்துவமனையின் உத்தரவாக இருந்தால், நிறுத்துவது அவருடைய தோல்வி ஆகாது. காலையில் வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுக்கும் ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளுக்கும் இதே உத்தரவு போக வேண்டும்.

அம்மாவின் வலது முழங்கை மடிப்பு இன்னும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். இரண்டு குத்து, அதோடு ஆள் மாற வேண்டும், மேசையில் பட்டாம்பூச்சி ஊசி இருக்க வேண்டும். தயவுசெய்து இதை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் உத்தரவாகப் போடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு 18-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் எதுவும் நடக்காது என்று அம்மா தீர்மானித்துவிட்டார். உங்கள் வாசலுக்கு எதிரே உள்ள மெடிக்கலில் 23 நம்பர் பட்டாம்பூச்சி ஊசி இரண்டு வாங்கி, உறை பிரிக்காமல் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். ஒன்று தவறினால் இன்னொன்று வேண்டுமே என்று இரண்டு. வெளியே வாங்கியதை எடுக்க மாட்டோம் என்று ஜன்னலில் சொல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இடது கையில் மஞ்சள் கயிறு இருக்கும், அடையாளத்துக்கு.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தையற்காரர், நோயாளியின் மகன்