போதகர்கள் தேறினார்கள் என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் நடந்த மூன்று வார மனநல சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரை, வந்தவர்கள் அனைவரும் புதுப்பெலத்தோடு திரும்பினார்கள் என்று முடிகிறது. ஆதாரம், கடைசி நாளில் வாங்கிய கருத்துப் படிவம். அதில் தெரிவது நன்றி. மனச்சோர்வு குறைந்ததா என்பது அதில் தெரியாது.

நீங்கள் எழுதியது தீவிர வெளிநோயாளி சிகிச்சை, அதாவது மருத்துவமனையில் தங்காமல் வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரமாவது பெறுவது. அதன் பலனை அறிய, சேரும் நாளிலும் முடியும் நாளிலும் ஆறு மாதம் கழித்தும் ஒரே படிவத்தால் அளக்க வேண்டும். பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களோடு ஒப்பிடவும் வேண்டும். மிக மோசமான நிலையில் வருகிறவர்களில் சிலர் சிகிச்சை இல்லாமலும் சற்றுத் தேறுவார்கள்.

எந்த மாதத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கிறது. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண் வரை, அதிகபட்சம் 27. எண் கூடினால் சோர்வு கூடுதல். அதில் தூக்கம், அசதி, பசி ஆகிய மூன்றுக்கு மட்டும் 9 வரை போகும். தவக்கால நோன்பும் புனித வாரக் கண்விழிப்பும் முடிந்த கையோடு நிரப்பினால் இந்த மூன்றும் ஏறியிருக்கும், மே மாதம் தானாக இறங்கும். அந்த இறக்கமும் சிகிச்சையின் வெற்றியாகிவிடுகிறது.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. படிவம் ஆயர் அலுவலகத்துக்குப் போகும் என்றால், இடமாற்றப் பட்டியல் தயாராகும் நேரத்தில் எந்தப் பங்குத்தந்தை 0 தவிர வேறு எண்ணை வட்டமிடுவார்? உயிர் காக்க வேண்டிய கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. செலவை மறைமாவட்டம் ஏற்பதால் அந்த உரிமை போய்விடாது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

தேவகோட்டைப் பங்கில் இருப்பவர் காரைக்குடியில் மனநல மருத்துவர் வாசலில் உட்கார்ந்தால் மறுநாள் பூசைக்கு முன்பே செய்தி வந்துவிடும். அதற்குப் பயந்தே மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள், பலர் அதுவும் இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஜெபம் போதவில்லை என்ற பேச்சு வேறு. நீங்களோ ஒவ்வொரு முறையும் இருட்டில் தலையைப் பிடித்திருப்பவர் படத்தையே போடுகிறீர்கள். மனம் வலிக்கிறது ஐயா.

அடுத்த முறை எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கட்டுரையின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இலவச எண் 14416-ஐயாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி