ஸ்டென்ட் இலவசம், மாத்திரை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு கோரிக்கைகள் முன்னால் வந்து நிற்கின்றன: ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பை உயர்த்த வேண்டும், இன்னும் பல தனியார் மருத்துவமனைகளைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அடைக்க வேண்டிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளி தனியார் மருத்துவமனையின் வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு, அவருடைய மாத்திரைக்கு யார் பொறுப்பு என்பதே அது.

இதய நோயாளியை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்து, காப்பீட்டு அட்டையைக் காட்டி, ஒப்புதல் பெற்று, அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து, குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தாயிற்று. அதன் பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துப் பொதுவாக 12 மாதம் சாப்பிட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் அதற்குப் பிறகும் தொடரும். முதல் சில மாதங்களில் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது மறுபடியும் மாரடைப்பு. பிழைத்தால் மறுபடியும் ஒரு ஆஞ்சியோபிளாஸ்டி, மறுபடியும் அரசின் காப்பீட்டுப் பணம்.

மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, வீடு திரும்பிய பிறகு 15 நாள் மருந்துச் செலவு சிகிச்சைத் தொகுப்பிலேயே அடங்கும். தமிழகத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 2012-இல் தொடங்கியபோதே 1,016 சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைத் தொகுப்புகளையும் சேர்த்திருந்தார்கள். நல்ல தொலைநோக்கு அது. சிக்கல் என்னவென்றால், தொடர் சிகிச்சையும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை வழியாகத்தான் நடக்கிறது. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியையும், துணைக்கு வருபவரின் கூலியையும், இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டும். இரண்டு முறை போவார்கள். மூன்றாம் முறை உள்ளூர் மருந்துக் கடையில் பத்து நாளுக்கு வாங்குவார்கள். நெஞ்சுவலி இல்லை என்றால் அதையும் விட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் அந்த மூன்று மருந்துகளும் ஊரிலேயே இருக்கின்றன. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் தவணையாகக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருப்பது இதே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் 2021 முதல் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மருந்தும் இருக்கிறது, கொண்டு செல்லக் காலும் இருக்கிறது. இடையில் விடுபட்டது ஒரு தாள்.

தனியார் மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் கம்பெனிப் பெயர்தான் இருக்கும். பல நேரம் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கலந்த ஒரே காப்ஸ்யூலாக எழுதியிருப்பார்கள். அரசு மருந்து மூலப்பெயரில், தனித்தனி மாத்திரைகளாக வரும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஆளில்லாவிட்டால் நோயாளி இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார். இரட்டை அளவில் ஈறிலும் குடலிலும் ரத்தம் கசியலாம். வயிற்றெரிச்சல் என்று சொன்னால் கையில் இருக்கும் ஓமெப்ரசோலைக் கொடுத்துவிடுவார்கள். அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், பான்டோப்ரசோல்தான் ஏற்றது. குளோபிடோக்ரெலுக்குப் பதிலாக டிகாக்ரெலார் என்ற விலை கூடிய மாத்திரையில் இருப்பவரை எப்போது, எந்த அளவில் குளோபிடோக்ரெலுக்கு மாற்றலாம் என்பதை இதய மருத்துவர்தான் தேதி போட்டு எழுத வேண்டும். அந்த முடிவைக் கிராமத்து மருத்துவ அலுவலர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆகவே ஒரு மாற்றத்தை வேண்டுகிறேன். ஒரே பக்கத்தில் ஒரு மருந்துத் தாள்: மூலப்பெயர், அளவு, வேளை, எந்தத் தேதி வரை, எதை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்பது தமிழில், நோயாளியின் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர். இதைப் பதிவேற்றாமல் மருத்துவமனைக்குச் சேர வேண்டிய காப்பீட்டுத் தொகை விடுவிக்கப்படக் கூடாது. வெறும் சுற்றறிக்கை என்றால் அதை அலமாரியில் வைத்துவிடலாம். பணம் நின்றால் மறுநாளே தாள் வரும். அதே நேரம், தாள் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். நிலுவை மாதக்கணக்கில் இழுத்தால் மருத்துவமனைகள் முன்பணம் கேட்கும், இல்லாவிட்டால் படுக்கை காலி இல்லை என்று சொல்லும். அந்தத் தாமதத்தின் சுமையும் கடைசியில் நோயாளி மீதுதான் இறங்கும்.

மருந்து இருப்பைக் கவனிக்காமல் இதைத் தொடங்கினால் முதல் மாதமே கெட்ட பெயர் வரும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் பாஸ்புக் வைத்து, அதற்கு ஒதுக்கிய தொகைக்குள் மருந்து தருகிறது. 1990-களில் இருந்து மற்ற மாநிலங்களும் பார்த்துக் கற்ற ஏற்பாடு அது. ஆனால் புதிய நோயாளிகளின் தேவை பழைய ஒதுக்கீட்டில் இருக்காது. ஒரு வட்டாரத்தில் இப்படி 50 பேர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,500 குளோபிடோக்ரெல் வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் எழுதியிருந்து, கையிருப்பு 10 மில்லிகிராம் மட்டும் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4, ஐம்பது பேருக்கு மாதம் 6,000 மாத்திரை. ஆகவே 40 மில்லிகிராம் மாத்திரையையே வாங்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தின் பதிவில் இருந்தே வட்டாரவாரியாக ஆள் கணக்கு எடுத்து, தொடர் சிகிச்சைக்கான தொகையை அந்த நிலையத்தின் பாஸ்புக்கில் தனியாக வரவு வைக்கலாம்.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2013-14-இல் இருந்த 64.2 சதவீதத்தை விட இது எவ்வளவோ மேல். மீதியைக் குறைக்க ஆபரேஷன் செலவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மாதாமாதம் மருந்துக் கடையில் போகும் பணத்தைப் பார்க்க வேண்டும். சுகாதாரத் துறை முதலில் இரண்டு மாவட்டங்களில், ஸ்டென்ட் நோயாளிகளுக்கு மட்டுமாவது இந்த மருந்துத் தாளைக் கட்டாயமாக்க வேண்டும். ஓராண்டு கழித்து எத்தனை பேர் 12 மாதமும் மாத்திரை சாப்பிட்டார்கள், எத்தனை பேர் அடைப்போடு திரும்பி வந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திண்டுக்கல்