புதன்கிழமை விளையாட்டுப் பாடவேளை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

புதன்கிழமை கடைசிப் பாடவேளை விளையாட்டு. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடவேளைக்கு மட்டும் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடுகிறது. சென்ற வாரம் என் மேசைக்கு ஏழு கடிதங்கள் வந்தன. ஏழும் மாணவிகளுடையவை. அவற்றில் இரண்டை எழுதிய கை ஒன்றே என்பதையும் கவனித்தேன். பெற்றோர் கையொப்பம் இருந்ததால் மறுக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியை பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசிய பிறகுதான் காரணங்கள் வெளியே வந்தன: வெயிலில் கறுத்துவிடுவாள், காலில் அடிபட்டால் நாளை யார் பதில் சொல்வது, அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே.

அதனால்தான் திங்கள் காலைக் கூட்டத்தில் அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை மியா ஹாமைப் பற்றிப் பேசினேன். வீட்டில் பிள்ளைகள் பாதி சொல்லியிருப்பார்கள். மீதியை நான் எழுதுகிறேன்.

அவர் 1972இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். பிறவியிலேயே பாதம் வளைந்திருந்ததால், அதைச் சீராக்கும் காலணி போட்டுத்தான் நடை பழகினார். தந்தை விமானப்படையில் இருந்தார். ஆகவே ஊர் ஊராக மாறும் வாழ்க்கை. 15 வயதில் நாட்டு அணிக்கு ஆடிவிட்டு, 1989இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆடிய நான்கு பருவங்களிலும் தேசியக் கல்லூரிப் பட்டம் அவர் அணிக்கே கிடைத்தது. அவர் ஆடிய 95 ஆட்டங்களில் அணி தோற்றது ஒன்றே ஒன்று. அடித்த கோல்கள் 103. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 72 என்ற எண். அத்தனை கோல்களுக்கு, தானே அடிக்காமல் தோழியின் காலுக்குப் பந்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நம் பள்ளியில் பந்து கிடைத்தவர் அதை யாருக்கும் தருவதில்லை என்பது நீங்கள் அறிந்ததே.

அவருடைய பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் ஒரு குளிர்காலக் காலையில் காரில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு பெண் தன்னந்தனியாக ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஓடுவதும் குனிந்து மூச்சு வாங்குவதும் மறுபடி ஓடுவதுமாக இருந்தாள். உற்றுப் பார்த்தால் மியா! பயிற்சியாளர் காரை நிறுத்திக் கூப்பிடவில்லை. பின்னர் அவருக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பினார்.

1991இல் முதல் பெண்கள் உலகக் கோப்பை சீனாவில் நடந்தது. அதற்காக அந்த ஆண்டு கல்லூரி ஆட்டங்களிலிருந்து விலகியிருந்தார். கோப்பையோடு திரும்பி, விட்ட இடத்தில் தொடர்ந்தார். படிப்பையும் விடவில்லை; அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். அவர் அணிந்த 19ஆம் எண்ணை அந்த அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. இரண்டு ஒலிம்பிக் தங்கம், மேலும் ஓர் உலகக் கோப்பை, நாட்டுக்காக 158 கோல் எல்லாம் அடுத்தடுத்து வந்தவை.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சட்டம். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண் என்பதற்காக எதையும் மறுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததும் அதே 1972இல்தான். அதன் பிறகே அங்கே கல்லூரிகள் பெண்களுக்கு மைதானமும் பயிற்சியாளரும் உதவித்தொகையும் தரத் தொடங்கின. அவருக்குப் பத்தாண்டு முன்னால் பிறந்த திறமைசாலிகளில் எத்தனை பேர் இப்படி ஆடக் கிடைக்காமலே போனார்களோ!

உங்கள் மகள் மியா ஹாம் ஆவாள் என்று நான் சொல்ல வரவில்லை. வாரத்தில் நாற்பது நிமிடம் கேட்கிறேன், அவ்வளவுதான். கணக்கு ஆசிரியருக்கும் சொல்லிவிட்டேன்: இனி அந்தப் பாடவேளையைக் கடன் கேட்டு வரக் கூடாது.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். ஷூ இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சில ஜோடிகள் இருக்கின்றன. புதிதாக வாங்க வேண்டாம். பயிற்சி முடிந்ததும் சுண்டல் உண்டு. மாதவிலக்கு நாட்களில் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடிதம் தேவையில்லை. மெய்யாகவே வயிற்றுவலி என்றால் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கடைசிப் பாடவேளை வரை காத்திருக்காமல் காலையிலேயே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்