ஒரு பெருவிரல் நகத்தைத் தேடித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

உலக விலங்குப் பூங்காக்களிலுள்ள ஒராங்குட்டான்களின் வம்சாவளிப் பதிவேட்டில் இரண்டு தனித்தனி எண்களில் இருந்த இரண்டு பெண் விலங்குகள் உண்மையில் ஒருத்திதான் என்பது உறுதியாகிவிட்டது. முதல் எண்ணுக்குரியவள் 1970களின் கடைசியில், ‘பிறகு தகவல் இல்லை’ என்ற குறிப்போடு மறைந்துபோனவள். இரண்டாம் எண்ணுக்குரியவள் சில ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில், ‘பூர்வீகம் தெரியாது’ என்ற குறிப்போடு முளைத்தவள். கடிதம் போட்டுக் கேட்டது மட்டும்தான் நான். பரணில் ஏறியதும், பெட்டி திறந்ததும், தும்மியதும் நீங்கள். உங்களில் பெரும்பாலோர் பெயர் போட வேண்டாம் என்றீர்கள். பூங்காக்களும் அப்படியே கேட்டுக்கொண்டன. ஆகவே யார் பெயரும் இதில் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சிறு விளக்கம். பூங்காவிலேயே பிறந்த ஒராங்குட்டானுக்கு ஜாதகமே கணிக்கலாம். சான்ட்ரா 1986இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் பூங்காவில் பிறந்தாள். அந்நாட்டின் கெல்சன்கிர்சென் பூங்கா வழியாக 1994இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் போனாள். 2014இல் அர்ஜென்டினா நீதிமன்றம் அவளை ‘மனிதரல்லாத நபர்’ என்று ஏற்றுப் பேசியது உலகச் செய்தியானது. 2019இல் ஃபுளோரிடாவில் உள்ள மனிதக் குரங்குகளுக்கான சரணாலயத்தில் சேர்ந்தாள். ஒவ்வோர் அடிக்கும் காகிதம் உண்டு. காட்டில் பிடிபட்டு வந்த முந்தைய தலைமுறைக்கு இந்த வசதி இல்லை. மலேசியாவின் ஜோகூரிலிருந்து 1968இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் பூங்காவுக்கு வந்த புவான், தன் இனத்திலேயே மிக மூத்தவள் என்று பெயரெடுத்து 2018இல் மறைந்தாள். வயது 62 என்றார்கள். ஆனால் அவள் பிறந்தது 1956 என்பதே மதிப்பீடுதான். உலகச் சாதனைக்காரியின் பிறந்த ஆண்டே உத்தேசம் என்றால், யாருக்கும் தெரியாத நம்மவளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நன்றி, அவள் வந்து இறங்கிய முதல் பூங்காவின் பழைய கணக்கு ஏடுகளைக் காத்துவரும் அம்மையாருக்கு. பொருளடக்கத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். அப்படிப் பதில் எழுதியவர்கள் உண்டு. இவர் ஏட்டை வரிவரியாகப் படித்தார். 1960களின் நடுவில், இரண்டு மலைப்பாம்புகளுக்கும் வைக்கோல் பாக்கிக்கும் இடையே ‘ஒராங்குட்டான், பெண், ஒன்று’ என்ற பதிவு கிடைத்தது. பக்கத்திலேயே விலை, கப்பல் கூலி, காப்பீடு. இணைத்திருந்த வியாபாரியின் ரசீதில் சிங்கப்பூர் முத்திரை. அதைப் பார்த்ததுமே, பிற்காலத்தில் அவள் கூண்டுக்கு முன்னால் தொங்கிய ‘போர்னியோ’ என்ற பலகையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒராங்குட்டான்கள் காட்டில் வாழ்வது போர்னியோ, சுமத்ரா என்ற இரண்டு தீவுகளில். அந்தக் காலத்தில் போர்னியோவிலிருந்து வந்த குட்டியும் சுமத்ராவிலிருந்து வந்த குட்டியும் ஒரே துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறின. சிங்கப்பூர் என்பது ஏறிய இடம். பிறந்த இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ரசீது சொல்லாத இன்னொன்றும் உண்டு. காட்டில் ஒராங்குட்டான் குட்டி ஏழெட்டு ஆண்டுகள்வரை தாயோடுதான் இருக்கும். கையில் தூக்கும் பருவத்துக் குட்டி வியாபாரியிடம் வந்து சேர்ந்தால், தாய் என்ன ஆனாள் என்று கேட்கவே தேவையில்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 1975இல். அதற்குப் பிறகு எல்லை தாண்டும் ஒராங்குட்டானுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். எங்களைப் போலத் தேடுபவர்களுக்கு அந்தச் சீட்டுகளே புதையல். அதற்கு முன்னால் பெரும்பாலும் பணமும் ரசீதும்தான்.

சான் டியேகோ பூங்காவின் பதிவாளராக இருந்து மறைந்த மார்வின் ஜோன்ஸுக்கு நேரில் நன்றி சொல்ல வழியில்லை. கணினி இல்லாத காலத்தில் உலகெங்கும் உள்ள பூங்காக்களைக் கேட்டுக் கேட்டு ஒராங்குட்டான்களுக்குப் பதிவேடு உருவாக்கியவர் அவர். அவர் எண் கொடுத்திருக்காவிட்டால், ஒருத்தி காணாமல் போனாள் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

அவள் காணாமல் போனது எப்படி? முதல் பூங்கா அவளை இரண்டாம் பூங்காவுக்கு இனப்பெருக்கத்துக்காக இரவல் கொடுத்தது. இது பூங்காக்களிடையே இன்றும் உள்ள வழக்கம்: விலங்கு ஓரிடத்தில் இருக்கும், உரிமை வேறிடத்தில் இருக்கும். அங்கே ஒரு மகனைப் பெற்றாள். பின்பு இரவல் வாங்கியவர்கள், உரிமையாளருக்கு எழுத்தில் எதுவும் தெரிவிக்காமல், அவளை மூன்றாவதாக ஒரு சிறிய தனியார் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலகக் கோப்பில் இருப்பது ‘பரிமாற்றம்’ என்ற ஒரே சொல். எங்கே, யாருக்கு என்பது இல்லை. அந்தத் தனியார் பூங்கா சில ஆண்டுகளில் மூடப்பட்டு, விலங்குகள் திசைக்கொன்றாகச் சிதறின. அவற்றின் காகிதங்கள் எடைக்குப் போனதாகக் கேள்வி.

இந்த இடத்தில்தான் ஓய்வுபெற்ற பராமரிப்பாளர் ஐயா வருகிறார். பூங்கா வரலாறு எழுத விரும்புகிறவர்கள் இயக்குநர்களின் ஆண்டறிக்கைகளை ஓரமாக வைத்துவிட்டு, கூண்டு கழுவியவர்களின் குறிப்பேடுகளைத் தேட வேண்டும் என்பது என் கட்சி. ஆண்டறிக்கை ‘மனிதக் குரங்குகள் நலம்’ என்று முடித்துவிடும். ஐயாவின் குறிப்பேட்டில், மழை நாளில் அவள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தது இருக்கிறது. சர்க்கரை குறைந்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கம்பி வழியே திருப்பி நீட்டியது இருக்கிறது. மகனைப் பிறந்த சில நாட்களிலேயே புட்டிப்பாலுக்காகப் பிரித்தெடுத்த பிறகு, அவள் வைக்கோலைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டிருந்ததும் இருக்கிறது. அன்றைய பூங்காக்களில் அப்படிப் பிரிப்பது சாதாரணம். ஐயா அதைக் கருத்து எதுவும் சொல்லாமல் எழுதியிருக்கிறார், மறுநாளும் அதற்கு மறுநாளும். வண்டி வந்த தேதியும், அது போய்ச் சேர வேண்டிய ஊரும் அதே ஏட்டில் இருந்தன. கோப்பில் தொலைந்த விலாசம் ஒரு பென்சில் வரியில் கிடைத்தது. ஐயா, அந்தக் கையெழுத்துக்கு ஒரு கும்பிடு.

ஊர் தெரிந்ததும் அந்த வட்டாரத்துப் பத்திரிகையில் வேண்டுகோள் வெளியிட உதவிய ஆசிரியருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் தந்தை எடுத்த வண்ண ஸ்லைடு படங்களைத் துழாவிய அக்கா தம்பி இருவருக்கும் நன்றி. பள்ளி விடுமுறையில் எடுத்த படம். தம்பி ஐஸ்கிரீமோடு முன்னால் நிற்கிறார். பின்னால் கம்பிவலையில் தொற்றிக்கொண்டு, ஏறக்குறைய தலைகீழாக, நம்மவள். இரண்டு பாதங்களும் கேமராவை நோக்கி இருக்கின்றன. வலது கால் பெருவிரலில் நகம் இருக்கிறது. இடது கால் பெருவிரலில் இல்லை. ஒராங்குட்டானின் கால் பெருவிரல் மற்ற விரல்களோடு ஒப்பிட்டால் மிகவும் குட்டை. பலவற்றுக்கு அதில் நகமே இருக்காது. ஒரு காலில் இருந்து மறுகாலில் இல்லாமலிருப்பது ஆளை அடையாளம் காட்டப் போதுமானது. படத்தின் அட்டைச் சட்டத்தில், கழுவித் தந்த கூடம் மாதத்தையும் ஆண்டையும் அச்சிட்டிருந்தது. ஐஸ்கிரீம் கரைந்து சட்டையில் வழிந்திருக்கும் அந்தப் பையன் இன்று தாத்தா. அவரே பூதக்கண்ணாடி வைத்து நகத்தை எண்ணி எழுதியிருந்தார்.

தனியார் பூங்கா மூடப்பட்ட பிறகு, ‘பூர்வீகம் தெரியாது’ என்ற குறிப்போடு அவள் வந்து சேர்ந்த நான்காம் பூங்காவின் முன்னாள் கால்நடை மருத்துவருக்கு அடுத்த நன்றி. மனிதக் குரங்குகளுக்குக் காசநோய்ச் சோதனை மருந்தைக் கண்ணிமையில் ஏற்றுவது வழக்கம். அதற்கு முதலில் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பல் முதல் பாதம் வரை பார்த்து எழுதிவைக்கும் நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. அவள் வந்து சேர்ந்த ஆண்டின் பதிவில் இரண்டு பாதங்களையும் பேனாவால் வரைந்து, இடது பெருவிரலுக்கு ஓர் அம்புக்குறி போட்டு ‘நகம் இல்லை, பிறவியிலேயே’ என்று குறித்திருக்கிறார். படமும் வரைபடமும் ஒரே மேசையில் சேர்ந்த அன்று இரண்டு எண்களும் ஒன்றாயின.

அவள் எந்தத் தீவைச் சேர்ந்தவள் என்ற கேள்விக்குப் பதில் நெடுநாட்களுக்கு முன்பே கிடைத்திருந்தது; யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். போர்னியோ, சுமத்ரா ஒராங்குட்டான்களின் இரண்டாம் குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கும் வேறுபாடு உண்டு. இரண்டு பிரதிகளும் ஒரே வகையாக இருந்தால் கலப்பில்லை என்று கொள்வார்கள். ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் இருந்தால் கலப்பு. 1980களில் பூங்காக்கள் கலப்பினங்களைப் பெருக்குவதை நிறுத்த முடிவெடுத்தபோது, ஏராளமான ஒராங்குட்டான்களுக்கு இந்தச் சோதனை நடந்தது. அவளுக்கும் நடந்திருக்கிறது. ஆய்வகத்தில் அன்று பணியாற்றிய அம்மா அந்த அட்டையைத் தேடி அனுப்பினார். நுண்ணோக்கிப் படத்திலிருந்து ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரியால் வெட்டி, சோடி சோடியாக ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் சுமத்ரா வகை. பலகை மட்டும் கடைசிவரை போர்னியோ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

‘செத்துப்போன விலங்குக்கு இவ்வளவு விசாரணை எதற்கு?’ என்று கேட்ட ஒரு பூங்கா அலுவலருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவளுடைய எலும்புக்கூடு ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ‘போர்னியோ’ என்ற சீட்டோடு. போர்னியோ ஒராங்குட்டானின் மண்டையோட்டை அளக்க வருகிற ஒவ்வொரு மாணவரும் சுமத்ராக்காரியையும் சேர்த்து அளந்துவிட்டுப் போவார். அது ஒரு பக்கம். அவளுடைய மகனுக்குப் பிள்ளைகள் உண்டு. பாட்டி தனி எண்ணில், பேரன் தனிக் கிளையில் என்று பதிவேடு காட்டிக்கொண்டிருந்தவரை, அவர்கள் இரத்த உறவு என்று எந்தக் கணினியும் எச்சரித்திருக்காது. இருவரும் ஒரே பூங்காவில் சேராமல் போனது திட்டமிட்ட செயலன்று, தற்செயல்.

சீட்டை மாற்றி எழுதிய அருங்காட்சியகப் பொறுப்பாளருக்கு நன்றி. பழைய சீட்டைக் கிழித்தெறியாமல் புதியதற்குப் பின்னால் கட்டிவைத்ததற்குத் தனி நன்றி. பிரேதப் பரிசோதனையின்போது சிறு தசைத்துண்டை உறைநிலையில் சேமித்துவைத்த மருத்துவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 2017இல் சுமத்ராவின் தோபா ஏரிக்குத் தெற்கே உள்ள ஒராங்குட்டான்கள் தபானுலி என்ற மூன்றாவது இனமாகப் பிரிக்கப்பட்ட பிறகு, ‘சுமத்ரா’ என்ற பதில்கூட முழுப் பதிலாக இல்லை. தீவின் எந்தப் பக்கம் என்பதை இனி அந்தத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

பழங்காலக் கையெழுத்தைப் பொறுமையாகப் படித்துக் கொடுத்த நண்பர்களுக்கும், பழைய அனுமதிச் சீட்டுகளின் நகல் எடுத்து அனுப்பிய அரசு ஊழியருக்கும், ‘இல்லை’ என்றாலும் மறக்காமல் பதில் போட்டவர்களுக்கும் நன்றி.

சேர்த்த காகிதங்கள் அனைத்தின் நகலும் நான்கு இடங்களில் மூன்றுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது; மூடப்பட்ட தனியார் பூங்காவுக்குரிய நகல் அந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது. அவள் அங்கிருந்து நான்காம் பூங்காவுக்குப் போன வழி மட்டும் இன்னும் அரைகுறைதான். நடுவில் சில மாதங்கள் எங்கோ தங்கியிருக்கிறாள். 1970களின் கடைசியிலோ 1980களின் தொடக்கத்திலோ ஏதாவது ஒரு விலங்குக் கூடத்தில் எடுத்த குடும்பப் படம் உங்கள் வீட்டில் இருந்தால், பின்னணியில் செம்பட்டை முடி தெரிகிறதா என்று பாருங்கள். பாதம் தெரிந்தால் இன்னும் நல்லது. படத்தின் சட்டத்தைக் கழற்றிவிடாதீர்கள். தேதி அதில்தான் இருக்கும்.

நன்றியுடன்,
தேடலை ஒருங்கிணைத்தவன்