அந்த 58 மடங்கு லாபம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகளில் முதல் (மூலதனம்) அரிது, அதனால் அங்கே போடும் பணத்துக்கு லாபம் அதிகம், கதவைத் திறந்துவிட்டால் பணக்கார நாட்டுப் பணம் தானாக ஓடிவரும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. பாதி சரி.

இந்தக் கணக்கை அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் லூக்காஸ் 1990-லேயே போட்டுப் பார்த்துவிட்டார். அமெரிக்காவில் தலைக்கு உற்பத்தி இந்தியாவைப்போல் 15 மடங்கு. பாடப்புத்தகச் சூத்திரப்படி, கூடுதலாகப் போடும் முதல் அமெரிக்காவைப்போல் 58 மடங்கு பலனை இந்தியாவில் தர வேண்டும். அப்படி இருந்தால் எந்த அமெரிக்கன் சொந்த ஊரில் பணம் போடுவான்? சூத்திரத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டத்தான் அவர் அதை எழுதினார். தொழிலாளியின் படிப்பையும் திறமையையும் சேர்த்ததுமே 58 என்பது 5 ஆகிவிட்டது. 2007-இல் காசெல்லி, ஃபேயரர் என்ற இரு பொருளியலாளர்கள், ஏழை நாட்டு வருமானத்தில் கணிசமான பங்கு நிலமும் இயற்கை வளமும் தருவது, அதை இயந்திரத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்றார்கள். மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால் அங்கே இயந்திர விலையும் அதிகம். இரண்டையும் சரிசெய்தால், லாப விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் இதெல்லாம் நாட்டுச் சராசரி. உள்ளே போனால் கதையே வேறு. இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சைக்கிள் பழுது பார்ப்பவர்கள், ஆப்பம் சுட்டு விற்பவர்கள், தையல்காரர்கள், பெட்டிக்கடைக்காரர்கள் எனச் சம்பள ஆள் வைக்காத சின்னத் தொழில்காரர்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயை இனாமாகக் கொடுத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். சிலருக்கு ரொக்கம், சிலருக்குச் சரக்கு அல்லது கருவி. டி மெல், மெக்கன்சி, வுட்ரஃப் மூவரும் 2008-இல் வெளியிட்ட முடிவுப்படி, அந்தப் பணம் மாதம் சுமார் 5 சதவீதம் லாபம் ஈட்டியது. ஆண்டுக்குக் குறைந்தது 55. எந்த வங்கி வட்டியும் இதன் கிட்டே வராது.

பெண்கள் நடத்திய தொழில்களில் மட்டும் சராசரியாக லாபம் கூடவில்லை. பெண்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று சிலர் உடனே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். பத்தாண்டு கழித்து வேறு சிலர் அதே புள்ளிவிவரத்தைக் கிளறியபோது, மனைவி பெயரில் வந்த பணம் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது தெரிந்தது. வீட்டில் மனைவி ஒருவரே தொழில் செய்தால் அந்த ஆண்-பெண் வித்தியாசம் இல்லை.

சின்ன முதலுக்குப் பெரிய லாபம் வருவதை நம் ஊர்ச் சந்தையிலும் பார்க்கலாம். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. திருப்பிக் கட்டுவது தினம் 100 வீதம் 100 நாள். அதையும் கட்டி, வீட்டுக்கு அரிசியும் வாங்குகிறார் தள்ளுவண்டிக்காரர். அவர் முதல் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே ஊரில் சொத்து உள்ளவருக்கு, ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு வங்கியே கூப்பிட்டுக் கொடுக்கிறது.

வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வந்தாலும் அந்தத் தள்ளுவண்டி வரை வராது. 20,000 ரூபாய்க் கடனுக்கும் 20 லட்சம் ரூபாய்க் கடனுக்கும் விசாரிக்கிற வேலை, எழுத்து வேலை, வசூல் அலைச்சல் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலாளர் எதைக் கொடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கட்டுரையாளர் அந்நிய முதலீட்டு வரம்பு பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த கட்டுரையில் எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
ஈரோடு