பரோல் வாங்கித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஊருக்குப் போய் அமெரிக்கா திரும்புவதற்கான அனுமதிக் காகிதம் கிடைக்க உதவிய உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், நானும் டாலஸ் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தனித்தனியாக ஃபோன் பண்ணி நன்றி சொன்னேன்தான், ஆனால் பாதிப் பேரிடம் அழுத அழுகையில் என்ன சொன்னேன் என்றே ஞாபகம் இல்லை. அதனால் ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேர் போடாதே என்று நாலைந்து பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் யார் பேரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குப் புரியும்.

செப்டம்பர் மாதம், வெள்ளிக்கிழமை ராத்திரி 9:40. பையனைத் தூங்க வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் அப்போது சனிக்கிழமை காலை எட்டே பத்து. சித்தி மகன் கூப்பிட்டான். அப்பா விடிகாலையில் குளியலறை வாசலில் விழுந்து கிடந்திருக்கிறார், வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு வரவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், இவருக்கு எப்போது வந்தது என்றே யாருக்கும் தெரியாததால் அதுவும் போட முடியாமல் ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தான். அம்மா "நீ எப்பம்மா வார?" என்று மட்டும் கேட்டாள். நான் ஒரே பிள்ளை.

என் கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2020 அக்டோபரில் ஈபி-3 என்கிற, வேலை வழியாக வரும் க்ரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் மனு போடும் தேதி ஒரே தாவாக 2015 ஜனவரிக்கு வந்ததே, அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக 485 என்கிற க்ரீன் கார்டு மனுவைப் போட்டவள் நான். எச்1பி என்கிற வேலை விசாவில் இருந்தவரை பிரச்சினை இல்லை, விசா ஸ்டாம்ப் இருந்தால் அதை வைத்தே ஊருக்குப் போய்விட்டு வரலாம். இந்த ஜனவரியில் வேலை போயிற்று. அடுத்த கம்பெனியில் ஈஏடியை, அதாவது 485 போட்டவர்களுக்குத் தரும் வேலை அனுமதியைக் காட்டிச் சேர்ந்தேன், அதோடு எச்1பியும் போயிற்று. மிச்சம் இருந்தது அந்தக் காம்போ கார்டு, வேலைக்கும் பயணத்துக்கும் சேர்த்து ஒரே அட்டை. அது ஆகஸ்ட்டில் முடிந்துவிட்டது. புதுப்பிக்க எப்போதோ போட்டாயிற்று, வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள், நான் போட்டபோது இருந்த விதிப்படி, புதுப்பிக்கப் போட்டிருந்தால் வேலை பார்க்கிற உரிமை தானாக நீண்டது, பயண உரிமை மட்டும் நீளவில்லை. அதாவது உழைக்கலாம், ஊருக்குப் போகக்கூடாது. அட்வான்ஸ் பரோல் என்கிற அந்தப் பயண அனுமதி கையில் இல்லாமல் விமானம் ஏறினால் 485ஐ நானே கைவிட்டதாக அர்த்தம். என்னோடு சேர்ந்து என் வீட்டுக்காரர் மனுவும் போய்விடும்.

பரோல் என்ற வார்த்தையை ஊரில் சொன்னபோது பெரியம்மா மெதுவாக, "என்னட்டி, அவ ஜெயில்லயா இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவள் கேட்டதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

முதல் நன்றி தூத்துக்குடி அண்ணாச்சிக்கு. பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவர், போன வருஷம் அவருடைய மாமனாருக்கு இதேபோல ஆனபோது இந்த வழியில் போய் வந்தவர். ராத்திரி பதினோரு மணிக்கு அவரைக் கூப்பிட்டபோது நான் டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். போனால் போகட்டும் க்ரீன் கார்டு, அப்பாவைவிடவா என்கிற மனநிலை. அவர் அதட்டவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. "தாயி, டிக்கெட்ட இப்பம் போடாத. திங்கக்கிழம காலைல ஏழு மணி வரைக்கும் எனக்கு டைம் குடு" என்றார். அந்த இரண்டு நாளில் அவர் என்னோடு ஃபோனில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வேலை நாளுக்கு மேல் வரும்.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. குடியேற்றத் துறையின் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து, உள்ளூர் அலுவலகத்தில் அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்க வேண்டும். கிடைத்தால் புதிதாக நிரப்பிய 131 என்கிற பயண அனுமதிப் படிவம், 485 போட்ட ரசீது, இரண்டு ஃபோட்டோ, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் கொண்டுபோனால் அன்றைக்கே காகிதத்தைக் கையில் தர வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் சாவு, உயிருக்கு ஆபத்தான நோய் மாதிரி காரணங்களுக்குத்தான் இது. ஆனால் வாரக்கடைசியில் ஃபோன் எடுக்க ஆள் கிடையாது, திங்கட்கிழமை டெக்சஸ் நேரம் காலை ஏழுக்குத்தான் திறக்கும். அதற்குள் காகிதம் சேர்க்க வேண்டும். அந்தச் சனி ஞாயிறு எப்படிப் போயிற்று என்பதுதான் உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி.

ஆஸ்பத்திரிக் கடிதம். முதலில் வந்தது மருந்துச் சீட்டில் கிறுக்கிய இரண்டு வரி, முத்திரைகூட இல்லை. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, இது பால்காரன் கணக்கு மாதிரி இருக்கு, ஆகாது என்றார். நோயாளி பேர், என் பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பேர், என்ன உறவு, சேர்த்த தேதி, என்ன நோய், நிலைமை எவ்வளவு மோசம், மகள் ஏன் வர வேண்டும், டாக்டரின் பதிவு எண், தொடர்பு எண், இத்தனையும் லெட்டர்ஹெட்டில் வேண்டும். சித்தி மகன் கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைந்தான், திங்கட்கிழமை வா என்றார்கள். கடைசியில் ஐசியூவில் ராத்திரி டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு டாக்டர் பெண்ணைப் பிடித்தான். அந்தப் பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து, என்னை ஃபோனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தது. நடுவில் நிறுத்தி, "அக்கா, கிரிட்டிக்கல்னு எழுதணும். எழுதினா நீங்க பயந்துருவீங்களேன்னு யோசிக்கேன்" என்றது. எழுதுங்கம்மா என்றேன். அங்கே பிரிண்டர் ஓடவில்லை, எதிரே ஜெராக்ஸ் கடைக்கு அதுவே இறங்கிப்போய்ப் பிரிண்ட் எடுத்து, திரும்பி வந்து கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தது. டாக்டரம்மா, உங்கள் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்களோ.

இதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது, நம் ஆட்களுக்கே உரிய சிக்கல். அப்பா பேரில் ஒரு ழ இருக்கிறது. என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் அதற்கு இசட்-எச் போட்டிருக்கிறது, பாஸ்போர்ட்டில் என் சர்நேமும் அப்படித்தான். ஆதாரில் வெறும் எல். ஆஸ்பத்திரியில் ஆதாரைப் பார்த்துப் பதிந்ததால் அங்கேயும் எல். அமெரிக்க அதிகாரி கண்ணுக்கு இவர் வேறு, என் அப்பா வேறு. டாக்டர் கடிதத்தில் இப்படியும் எழுதப்படும் என்று இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தந்தார். அது போதாமல் போனால் என்ன செய்வது என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா பீரோவிலிருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்துக் கொடுக்க, சித்தி மகன் படம் பிடித்து அனுப்பினான். அட்டை கிழிந்தது, எண்ணெய்க் கறை படிந்தது, ஆனால் அப்பா பேருக்குக் கீழே என் பேரும், நேரே மகள் என்றும் நீல மையில் இருந்தது.

தமிழில் உள்ள ஆவணம் என்றால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், கூடவே மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், முழுமையாகவும் சரியாகவும் செய்திருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நோட்டரி எல்லாம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் என் பையனுக்கு உயிர்மெய் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், வகுப்பு முடிந்த கையோடு வகுப்பறையிலேயே உட்கார்ந்து, அரிசி, சீனி, மண்ணெண்ணெய் கட்டம் வரை ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் எழுதினார். இதெல்லாம் எதுக்கு டீச்சர் என்றால், முழுசா என்று கையெழுத்துப் போடுறேனே, முழுசாத்தானே இருக்கணும் என்றார். செவ்வாய்க்கிழமை குடியேற்ற அலுவலகத்தில் இருந்த அதிகாரி ரேஷன் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பைலில் இருந்த தெம்பில்தான் நான் கவுன்ட்டருக்கு முன்னால் நின்றேன்.

திங்கள் காலை ஏழு அடித்ததும் ஃபோன். அந்தப் பக்கம் பேசுவது மெஷின், எதைச் சொன்னாலும் இணையதளத்தைப் பார் என்கிறது. அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தபடி, அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பு இருந்த பேரான இன்ஃபோபாஸ் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், மனிதக் குரல் வந்தது. விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கூப்பிடுவார்கள், எப்போது என்று சொல்ல முடியாது, தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து என்றார்கள். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன், குளிக்கப் போகவில்லை. மதியம் இரண்டேகாலுக்கு வந்தது. அந்தப் பக்கம் பேசிய பெண், என் குரல் உடைந்ததும், அவசரமில்லை, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நான் இணைப்பிலேயே இருக்கிறேன் என்றார். மறுநாள் காலை 9:30க்கு, டாலஸ் பக்கத்து இர்விங்கில் உள்ள அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட்.

அங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ட்டைக் கழற்று, பையைத் திற, டோக்கன், காத்திரு. கவுன்ட்டரில் இருந்தவர் வயதானவர், கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தார், எப்போது கிளம்புகிறீர்கள் என்று ஒரே கேள்வி. ஒரு மணிக்கு மேல் என் பேரைக் கூப்பிட்டு, என் ஃபோட்டோ ஒட்டிய காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். உங்கள் அப்பாவுக்காகப் பிரார்த்திக்கிறேன் என்றார். ஐயா, இதை நீங்கள் படிக்கப் போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

டிக்கெட் என் நாத்தனார் வேலை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் லண்டன் வழியாகவும் மலிவாக இருந்தது, நான் போட்டுவிடு அண்ணி என்றேன். அவர்தான், உன்கிட்ட இப்ப செல்லுபடியாகிற அமெரிக்க விசா இல்லை, பரோல் காகிதம் அங்கே விசாவுக்குச் சமமில்லை, டிரான்ஸிட் விசா கேட்டுத் திருப்பிவிடுவார்கள் என்று தடுத்து, தோஹா வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் போட்டார். இதைக் கவனிக்காமல் விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு, யாராவது இந்த நிலைமையில் இருந்தால் டிக்கெட் போடும் முன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். பையனையும் வீட்டுக்காரரையும் பத்து நாள் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்ட மாடிவீட்டு குஜராத்தி அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டுவேன். என் பையன் இப்போது இட்லிக்குப் பதில் டோக்ளா கேட்கிறான், அது தனிக் கதை.

வெள்ளிக்கிழமை விடிகாலை இறங்கினேன். நாகர்கோவில் தாண்டி முப்பந்தல் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. டிரைவர் அண்ணன் எதுவும் கேட்காமல் பாட்டை நிறுத்தினார், காரை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு நிறுத்திவிட்டு, பெட்டியை நான் வீட்டில் இறக்கிடுதேன், நீங்க மேல போங்க என்றார். அப்பா என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத வரவில்லை.

திரும்பும்போது திருவனந்தபுரத்தில் செக்-இன் கவுன்ட்டரில் விசா எங்கே என்றார்கள், இந்தக் காகிதத்தை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது. அந்த மலையாளிப் பெண் எரிந்து விழாமல் மேலதிகாரியைக் கூட்டிவந்து, யாருக்கோ ஃபோன் போட்டு விசாரித்து, நாற்பது நிமிஷம் கழித்துச் சிரித்துக்கொண்டே போர்டிங் பாஸ் தந்தார். டாலஸில் தனி அறையில் உட்கார வைத்தார்கள், இரண்டு மணி நேரம், பிறகு ஒரு வருஷம் இருக்கலாம் என்று முத்திரை. அண்ணாச்சி வெளியே காருடன் நின்றார். வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அப்பா இப்போது கோலைப் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு தம்பி வீட்டுக்கு வருகிறான். முதலில் அம்மா பேர் வந்தது, அப்புறம் தண்ணி, அப்புறம் கெட்ட வார்த்தை ஒன்று. நேற்று வீடியோ காலில் அவர் பேரையே சொல்லச் சொன்னான் அந்தத் தம்பி. அப்பா மூச்சைப் பிடித்துச் சொல்லிவிட்டார். ழ வரவில்லை, ல தான் வருகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியதுதான் சரி என்று அம்மா ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.