விலக்கு படகுத்துறைக்கு மட்டுமே. உணவகத்துக்கும் கார் நிறுத்தத்துக்கும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரிகளில் படகு இல்லங்களை விரிவாக்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, வருமானத்தையும் வேலைவாய்ப்பையும் விரிவாகப் பேசிவிட்டு, ‘சுற்றுச்சூழல் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று ஒரே வரியில் மற்றதை முடித்துவிட்டது. அந்த ஒப்புதல் எதற்கு, யாரிடம், எந்தக் கோட்டிலிருந்து அளந்து கேட்கப்படுகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஈரநில (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகளின் 4ஆவது விதி, ஈரநிலத்தில் செய்யக்கூடாதவற்றைச் சொல்கிறது. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்பது அதில் ஒன்று. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: படகுத்துறை. விரிவாக்கத் திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லின் முதுகில்தான் ஏறி வருகின்றன. திட்ட அறிக்கையின் அட்டையில் ‘படகுத்துறை விரிவாக்கம்’ என்று இருக்கும். உள்ளே பிரித்தால் உணவகம், கழிப்பறை, பயணச்சீட்டுக் கூடம், எரிபொருள் அறை, 80 கார் நிற்கும் தளம். படகில் ஏறி இறங்கும் மேடைக்குத்தான் விலக்கு. மற்றவை 50 மீட்டருக்கு அப்பால் போக வேண்டும்.

அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? பெரும்பாலான வரைபடங்களில் கலங்கலின் (உபரி நீர் வழிந்தோடும் தடுப்பின்) உச்சி மட்டத்தை, அதாவது முழு நீர்மட்டத்தை வைத்துக் கோடு போடுகிறார்கள். விதி கேட்பது அதை அல்ல. ஏரி கலங்கல் வழிந்து ஓடும்போது நீர் உச்சியிலிருந்து இரண்டடி வரை மேலே நிற்பது சாதாரணம். கரையோரத்தில் இந்த இரண்டடி பெரிதாகத் தெரியாது. நீர் உள்ளே வரும் மேல்முனைப் பக்கம், சரிவு 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் படுத்துக் கிடக்கும். அங்கே 60 சென்டிமீட்டர் உயர்வு என்பது நிலத்தில் 180 மீட்டர். ஆக, தவறான கோட்டிலிருந்து 50 மீட்டர் விட்டுக் கட்டிய உணவகம், சரியான கோட்டின்படி ஏரிக்குள் 130 மீட்டரில் நிற்கும். அந்த மேல்முனையில்தான் கோரையும் சம்பும் வளர்கின்றன, பறவைகள் மேய்கின்றன, மீன் குஞ்சு பொரிக்கிறது.

விதி சொல்லும் பத்தாண்டு, விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் 2015 பெருவெள்ளமும் அதற்குள் வருகிறது. மதகருகே உள்ள அளவுகோலைப் பார்த்து எழுதிய நீர்வளத்துறைப் பதிவேடுதான் அடிப்படைச் சான்று. அது இல்லாத ஏரிகளில் பாலத் தூணிலும் கோயில் சுவரிலும் படிந்த வெள்ளக் கறையை மட்டம் பார்த்து எடுக்கலாம். எடுத்த கோட்டைப் புல வரைபடத்தில் ஏற்றி, 25 மீட்டருக்கு ஒரு கல் நட்டுவிட வேண்டும். கல் நட்ட பிறகே திட்ட வரைபடம் என்று இருந்தால் பாதி வழக்குகள் எழவே எழா.

‘இது பாசன ஏரி, ஈரநில விதி பொருந்தாது’ என்ற வாதம் எல்லா அறிக்கைகளிலும் தவறாமல் வரும். பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ கட்டப்பட்டவற்றை விதியின் வரையறை விலக்குவது உண்மைதான். பொழுதுபோக்குக்காகக் கட்டியதையும் அதே வரி விலக்குகிறது என்பது வேடிக்கை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாகச் செயற்கைக்கோள் வழி கணக்கெடுத்த 2,01,503 ஈரநிலங்களையும், அதற்கு முந்தைய 2010 விதிகளின் 4ஆவது விதிக் கோட்பாடுகளின்படி காக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ‘பொருந்தாது’ என்று எழுதுவது அவசரம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகள்தான். ராம்சார் தலங்களும் (சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள்) அவையே. பறவைகள் சரணாலயம் என்பதால் வனவுயிர்ச் சட்டமும் அங்கே உண்டு. உப்பங்கழி என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துவிடும். அதை மீறியதற்காகத்தான் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் இருந்த சொகுசு விடுதியை இடிக்கும் உத்தரவை 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கட்டி முடித்த விடுதியை 2022இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை இங்கே பெரிதாக நம்ப முடியாது. கட்டடத்துக்கு அதன் வாசல் 20,000 சதுர மீட்டரில்தான் திறக்கிறது. ஏரிக்கரைப் படகு இல்லம் அந்த அளவைத் தொடுவதே அரிது; பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடக்காது. எனவே மாநில ஈரநில ஆணையம், நீர்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சி என நான்கு மேசைகளில் நான்கு துண்டுகளாகக் கோப்பு போகிறது. ஒவ்வொரு துண்டும் சிறியது, தீங்கற்றது. நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசை எதுவும் இல்லை.

ஒப்புதல் கேட்பவர்கள் கணக்கில் எடுக்காத இன்னொன்று, நம் ஏரி வருடம் முழுக்க ஒரே ஏரியாக இருப்பதில்லை என்பது. டிசம்பரில் நிரம்பிய ஏரி ஏப்ரலில் மேல்முனையை விட்டு வெகுதூரம் விலகிவிடும். டிசம்பர் நீரை வைத்து வரைந்த துறை மே மாதம் சேற்றில் நிற்கும். உடனே ‘படகு போக ஒரு கால்வாய்’ என்று இரண்டாவது விண்ணப்பம் வரும். அந்தக் கால்வாய் ஆழம் குறைந்த பகுதியில் தேங்கிய நீரை ஆழத்துக்கு இழுத்துவிடும். கோரைப் படுகை ஒரு மாதம் முன்னதாகவே காயும். அடுத்து மதகைத் திறக்காதே என்ற நெருக்குதல் வரும். படகு விடுபவருக்கு நீர் நிற்க வேண்டும், ஆயக்கட்டு விவசாயிக்கு நீர் ஓட வேண்டும். பாசனச் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோப்பும் நகரக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தூர் வாருவதை அறிக்கையில் ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் தோண்டினால் 4,800 கன மீட்டர். தோண்டிய மண் உப்பிக் கால் பங்கு கூடும், 6,000 ஆகும். மூன்று யூனிட் டிப்பர் ஏறக்குறைய எட்டரை கன மீட்டர் ஏற்றும். 700 நடை! இந்த 700 லாரி ஈரச் சேறு எங்கே கொட்டப்படும் என்பதற்கு அறிக்கையில் புல எண் இருக்காது. நடைமுறையில் அது பக்கத்துக் கோரைப் படுகையில்தான் கொட்டப்படுகிறது; அடுத்த கோடையில் அது கார் நிறுத்தத் தளமாகிறது. ஈரநிலம் ‘ஈரநிலம் அல்லாததாக’ மாறுவது இப்படித்தான், ஒரு கையெழுத்தும் இல்லாமல்.

வேலை நடக்கும்போது நீர் கலங்குவதைத் தடுக்க வண்டல் திரை தொங்கவிடுவார்கள். திரையின் அடி தரையில் புரண்டால் காற்றுக்கு ஆடி அதுவே சேற்றைக் கிளறும். தரைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், நீர் இறங்க இறங்கச் சுருக்கிக் கட்ட வேண்டும். கான்கிரீட் தூண் என்றால் உறைக்குழாய்க்குள் மட்டுமே வார்க்க வேண்டும். சிமென்ட் கலந்த நீரின் காரத்தன்மை (pH) 12ஐத் தாண்டும். அதை ஏரியில் இறைத்தால் மீன் மிதக்கும். இதையெல்லாம் தவிர்க்க மிதவை மேடையே மேல். அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கோத்துப் போட்டால் நீரோடு ஏறி இறங்கும், கழற்றியும் எடுக்கலாம். அதிலும் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வழிகாட்டித் தூணைக் குட்டையாக நட்டுவிட்டால் வெள்ளத்தில் மேடை தூணைத் தாண்டி மிதந்து போய்விடும். கரைக்கும் மேடைக்கும் இடையே ஆறு மீட்டர் பாலம் போட்டு, நீர் இரண்டரை மீட்டர் இறங்கினால் அது பாலமல்ல, ஏணி. எட்டுக்கு ஒன்று சரிவு வேண்டுமென்றால் 20 மீட்டர் பாலம் தேவை. முதியவர்கள் வருகிற இடம் அல்லவா?

ஆழம் இருக்கிறதே என்று கரையை ஒட்டித் துறை வைப்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு: கரையின் அடிப்பகுதியில் தோண்டவோ தூண் இறக்கவோ நீர்வளத்துறை அனுமதிக்கக் கூடாது. அங்கே ஒரு கசிவு தொடங்கினால் படகு இல்லத்தோடு நிற்காது.

கழிவறைக்கு உறிஞ்சுகுழி போடுவது பெரும் தவறு. ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் கரையோர நிலத்தடி நீர் ஓரடியில் நிற்கும். குழி உறிஞ்சாது, பொங்கும். கூட்டமும் அதே மாதங்களில்தான். ஞாயிற்றுக்கிழமை 1,500 பேர், ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 15,000 லிட்டர். கசியாத தொட்டியும், 6,000 லிட்டர் லாரி மூன்று நடையும் வேண்டும். அந்த லாரி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குகிறது என்ற ரசீதும் வேண்டும்.

இயந்திரப் படகைப் பற்றிச் சுருக்கமாக. பழைய இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்கள் ஊற்றிய பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே நீரில் விடும். ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் விசிறி சுழன்றால் அடிவண்டல் கிளம்பும். அதிலுள்ள பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். போபால் நகரத்துக்குக் குடிநீர் தரும் மேல் ஏரியில், அது ராம்சார் தலமும்கூட, டீசல் சொகுசுப் படகையும் இயந்திரப் படகுகளையும் நிறுத்தச் சொல்லி 2023 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. துடுப்பும் மிதிபடகும் மின்மோட்டாரும் போதும் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், எரிபொருள் அறைக்கே இடம் தேவையில்லை.

பறவைக் கணக்கெடுப்பு மே மாதத்தில் ஒரு நாள் நடந்து, ‘குறிப்பிடத்தக்க இனங்கள் இல்லை’ என்று முடிந்திருந்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பார்க்காத கணக்கு கணக்கே அல்ல. ஒப்புதல் நிபந்தனைகளிலும் ‘உரிய முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்’ போன்ற வாசகங்களால் பயனில்லை. இருபது சென்டிமீட்டர் விட்டத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால், எத்தனை அடியில் மறைகிறது என்று பத்தாம் வகுப்பு மாணவரும் சொல்வார். வேலை நடக்கும் இடத்தில் அது, தொலைவில் உள்ள தெளிந்த நீரில் மறையும் ஆழத்தில் பாதியிலேயே மறைந்தால் அன்றைய வேலை நிற்க வேண்டும் என்று எழுதலாம். மீறினார்களா இல்லையா என்பதில் பிறகு வாதத்துக்கே இடமிருக்காது.

அடுத்த முறை இந்தத் திட்டங்களைப் பற்றி எழுதும்போது தங்கள் நிருபர் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கட்டும்: உயர்வெள்ளக் கோடு ஏற்றிய புல வரைபடம், மதகுப் பதிவேட்டின் பத்தாண்டு நகல், தூர்மண் போகும் இடத்தின் புல எண். மூன்றுமே சாதாரண அலுவலகத் தாள்கள். திட்டம் ஒழுங்காகத் தயாராகியிருந்தால் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
செங்கல்பட்டு மாவட்டம்